வாக்கில்லாத உறுப்பினர்

நண்பர்களே,

1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்ட விமானம் டினியன் என்ற சின்னத் தீவிலிருந்து கிளம்பியது. பசிபிக் கடலில், பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே இருக்கிறது அந்தத் தீவு. டினியன், பக்கத்தில் சைப்பான், ரோட்டா என்று 14 தீவுகள் சேர்ந்ததுதான் வட மரியானா. 2020 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 47,329 பேர். 1975இல் அந்த மக்களே வாக்கெடுப்பு நடத்தி, அமெரிக்காவோடு சேர்வது என்று முடிவெடுத்தார்கள். 1986இல் குடியுரிமையும் வந்தது. ஆனால் வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபையில் ஒரு நாற்காலி கிடைக்க 2009 ஆகிவிட்டது. அதில் முதலில் உட்கார்ந்தவர் கிரிகோரியோ கிலிலி கமாச்சோ சப்லான். ஊரில் கிலிலி என்றால்தான் தெரியும்.

அந்த நாற்காலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் உட்காருபவர் மசோதா கொண்டுவரலாம், குழுக்களில் பேசலாம், அங்கே வாக்கும் போடலாம். சபையில் ஒரு மசோதாவின் இறுதி வாக்கெடுப்பு நடக்கும்போது மட்டும் அவருக்கு வாக்கு கிடையாது. சபை முழுவதும் ஒரே குழுவாகக் கூடும் சில கட்டங்களில் இவரைப் போன்றவர்களுக்கும் வாக்களிக்க அனுமதி தந்த காலங்கள் உண்டு. அதிலும் ஒரு விதி: இவர்கள் போட்ட வாக்கால்தான் முடிவு மாறுகிறது என்றால், இவர்களை விட்டுவிட்டு மறுபடி வாக்கெடுப்பு நடத்த வேண்டும். இதைப் படித்த அன்று எனக்கு மனசு கசந்துபோனது.

சரி, வாக்கே இல்லாதவர் எதை வைத்துத் தன் தீவுக்குப் பணம் கேட்பார்? பெரிய மசோதா ஒன்று நகரும்போது, அதில் தன் தீவுக்காக ஒரு வாக்கியம் சேர்க்கச் சொல்லிக் குழுத் தலைவர்களிடம் நடையாய் நடப்பார். கிலிலி 16 வருஷம் செய்த வேலையில் பெரும்பகுதி இதுதான்.

மெடிக்கெய்டு கதையைப் பாருங்கள். ஏழைகளின் மருத்துவச் செலவை மத்திய அரசும் மாநிலமும் பங்கு போட்டுக்கொள்ளும் திட்டம் அது. மாநிலம் ஏழையாக இருந்தால் மத்திய அரசின் பங்கு ஏறும்; 83 சதவீதம் வரை போகலாம். வட மரியானா போன்ற தீவுகளுக்கு அந்தக் கணக்கே கிடையாது. எவ்வளவு ஏழையாக இருந்தாலும் முதலில் 50, பிறகு 55 சதவீதம் என்று சட்டத்திலேயே எழுதிவைத்துவிட்டார்கள். போதாததற்கு வருடாந்தர உச்சவரம்பு வேறு. ஒபாமாகேர் என்கிற 2010 மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் தந்த கூடுதல் பணமும் 2019ஓடு முடிகிற கணக்கு.

அந்த நேரம் பார்த்து, 2018 அக்டோபரில் யூட்டு சூறாவளி வந்தது. மணிக்குச் சுமார் 285 கிலோமீட்டர் வேகக் காற்று. புயலின் கண் டினியனுக்கு மேலேயே கடந்து போனது. வீடு போனவர்களுக்கு உடனே உதவி வேண்டும். வாஷிங்டனிலோ இன்னொரு அமெரிக்கத் தீவான போர்ட்டோ ரிக்கோவுக்கு எவ்வளவு கொடுப்பது என்ற சண்டையில் நிவாரண மசோதா மாதக்கணக்கில் நின்றது. 2019 ஜூனில்தான் கையெழுத்தானது. அதில் வட மரியானாவின் மெடிக்கெய்டுக்கு 3.6 கோடி டாலர், உணவு உதவிக்கு 2.52 கோடி டாலர். அதே வருஷம் டிசம்பரில் மெடிக்கெய்டில் மத்தியப் பங்கு 83 சதவீதமாக ஏறியது. அதுவும் தற்காலிகம்தான். கெடு முடியும், நீட்டிப்பார்கள், திரும்பவும் கெடு வரும். ஒரு மருத்துவமனை இப்படி எத்தனை நாள் திட்டம் போட முடியும்? 2022 டிசம்பரில்தான் அந்த 83 சதவீதம் நிரந்தரமானது. குவாம், அமெரிக்க சமோவா, அமெரிக்க கன்னித் தீவுகளுக்கும் சேர்த்து. அவரவர் பிரதிநிதிகள் சேர்ந்து கேட்டு வாங்கியது. கிலிலியின் பங்காக நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பணம் மட்டும் இல்லை. தீவைச் சுற்றி மூன்று மைல் வரை கடலடி நிலம் 2013இல் தீவு மக்களுக்கே கிடைத்தது. பல வருஷம் சட்டப்படி அங்கே வாழ்ந்தும் குடியேற்ற அந்தஸ்து இல்லாமல் தவித்தவர்களுக்கு 2019இல் தனிச் சட்டமே வந்தது. இதெல்லாம் நடந்தபோது அவருக்கும் அவர் ஊருக்கும் நடுவே 14, 15 மணி நேர வித்தியாசம். தீவில் விடியும்போது வாஷிங்டனில் முந்தின நாள் பிற்பகல்.

கிடைக்காததும் உண்டு. மாநிலங்களில் ஓர் ஏழைக் குடும்பம் உணவு உதவிக்குத் தகுதி பெற்றால், உதவி கிடைத்தே தீரும். வட மரியானாவுக்கு அந்தத் திட்டம் இல்லை. ஆண்டுக்கு இவ்வளவு என்று மொத்தமாக ஒரு தொகை, அதற்குள் சமாளிக்க வேண்டும். தீவை அந்த முழுத் திட்டத்தில் சேர்க்கத்தான் கிலிலி வருஷக்கணக்கில் போராடினார். 2025 ஜனவரியில் அவர் பதவியிலிருந்து இறங்கியபோதும் சைப்பான் குடும்பங்கள் அந்த அளந்து கொடுக்கும் தொகையில்தான் இருந்தன.