மனைவிக்குப் புள்ளி இல்லை

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது. கடைசி வரிசையில் கேட்காவிட்டால் கையைத் தூக்குங்கள்.

முல்லைத் திணையில் நமக்கெல்லாம் பழகிய ஒரு காட்சி உண்டு. போர் முடிந்துவிடும். கார்காலத்துக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போன தலைவன், மேகம் கறுப்பதைப் பார்த்ததும் பாகனை விரட்டுவான்: ஓட்டப்பா தேரை, அவள் காத்திருப்பாள். தேரும் தயார், பாகனும் தயார். சரி, அந்தப் படையில் இருந்த காலாட்கள் எப்படி வீடு போய்ச் சேர்ந்தார்கள்? அவர்களுக்கு ஏது தேர்?

நான் 17 வருடம் ராணுவத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். லீவுப் பட்டியல் தட்டச்சு செய்த கை இது. அதனால்தான் எனக்கு இந்தக் கேள்வி வருகிறது. இன்று பேசப்போவது 1945-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சிப்பாயைப் பற்றி. போர் நடந்தபோது அவன் என்ன செய்தான் என்பதற்குப் புத்தகங்களுக்குக் குறைவில்லை. போர் முடிந்த மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்தான்?

1945 மே 8. ஐரோப்பாவில் போர் முடிந்தது. அங்கே அப்போது ஏறக்குறைய 30 லட்சம் அமெரிக்கப் படையினர். எல்லோரையும் ஒரே நாளில் ஏற்றிவிடக் கப்பல் இல்லை. ஜப்பானோடு போர் வேறு மிச்சம் இருந்தது. யார் முதலில் வீட்டுக்கு, யாரைப் பசிபிக் பக்கம் திருப்புவது? ராணுவம் ஒரு புள்ளிக் கணக்குப் போட்டது. சேவையில் ஒரு மாதத்துக்கு 1 புள்ளி. கடல் கடந்து இருந்த மாதத்துக்கு இன்னும் 1. பதக்கம், போர்த்தொடர் ஒன்றில் பங்கெடுத்ததற்குத் தரும் போர்க்கள நட்சத்திரம் ஒவ்வொன்றுக்கும் 5. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை ஒன்றுக்கு 12, அதுவும் மூன்று பிள்ளை வரைக்கும்தான். 85 புள்ளி சேர்ந்தால் வீடு.

மனைவிக்கு எத்தனை என்று கேட்கிறீர்களா? ஒன்றும் கிடையாது. பூஜ்யம்.

1943 ஜனவரியில் சேர்ந்து, அடுத்த ஜனவரியில் கப்பலேறிய ஒருவனை எடுத்துக்கொள்வோம். மே மாதக் கணக்கில் சேவைக்கு 28, கடல் கடந்ததற்கு 16, இரண்டு நட்சத்திரத்துக்கு 10. ஆக 54. கல்யாணமானவன், பிள்ளை இல்லை. பக்கத்துக் கட்டிலில் இதே கணக்கோடு படுத்திருப்பவனுக்கு ஊரில் ஒரு கைக்குழந்தை, அவனுக்கு 66. இருவருமே 85-க்கு எட்டாத தூரம்தான். ஆனால் அந்த 12 புள்ளியைப் பார்த்து எத்தனை பேர் பெருமூச்சு விட்டிருப்பார்கள்! ஜப்பானும் சரணடைந்து, செப்டம்பரில் கணக்கைப் புதுப்பித்தபோது நம் ஆளுக்கு 62 ஆனது. வரம்பும் படிப்படியாக இறங்கி நவம்பரில் 60-க்கு வந்தது. அப்பாடா, தகுதி வந்துவிட்டது. தகுதி வந்தால் போதுமா? கப்பல் வரவேண்டாமா?

பிரான்சின் ல ஆவ்ர் துறைமுகத்தைச் சுற்றிப் பெரிய கூடார முகாம்கள் இருந்தன. அவற்றுக்குச் சிகரெட் பெயர்கள்: லக்கி ஸ்ட்ரைக், ஓல்ட் கோல்டு, பிலிப் மோரிஸ், செஸ்டர்ஃபீல்டு. வீட்டுக்குப் போகிறவர்கள் அங்கே வந்து படுத்துக் கிடந்தார்கள். ‘குயின் மேரி’ கப்பல் ஒரே நடையில் 14,000 பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு ஜூனிலேயே நியூயார்க் போய்ச் சேர்ந்தது. அப்படியும் வரிசை கரையவில்லை.

ஜெர்மனியில் தங்கியவனுக்கு என்ன வேலை? கிடங்கைக் காவல் காப்பது, சரக்கு எண்ணுவது, சாலையில் நின்று அனுமதிச் சீட்டுப் பார்ப்பது. மாலையில் சினிமா. அப்புறம் கடிதம். இந்தக் கடிதத்தில்தான் கொஞ்சம் நிற்கவேண்டும்.

போர்க்காலத்தில் சிப்பாய் தபால்தலை ஒட்ட வேண்டியதில்லை. அந்த இடத்தில் ‘இலவசம்’ என்று கையால் எழுதினால் போதும். கடிதத்தைப் படம் பிடித்து, பிலிம் சுருளாக விமானத்தில் அனுப்பி, மறுகரையில் உள்ளங்கை அளவுக்கு அச்சிட்டுக் கொடுக்கும் ‘வி-மெயில்’ 1942 ஜூனில் வந்தது. மூட்டை மூட்டையாகப் போகவேண்டிய தபால் ஒரே பைக்குள் அடங்கியது. அதில் ஒரு வேடிக்கை. மனைவிமார் காகிதத்தில் உதட்டுச்சாயத்தோடு முத்தம் பதித்து அனுப்புவார்கள். அந்தச் சாயம் இயந்திரத்தில் ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுக்கும். ஊழியர்கள் அதற்கு ‘செந்நிறக் கொள்ளைநோய்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். 

தந்தி இன்னொரு கூத்து. அச்சிட்ட வாசகங்களின் பட்டியல் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். மூன்று எண் பொறுக்கிக் கொடுத்தால் 60 சென்ட். நம்மூர்க் கல்யாணத்துக்கு எண் சொல்லி வாழ்த்துத் தந்தி அடித்தோமே, அதே கதைதான். அங்கே காதலும் எண்ணாகப் போனது.

சண்டை நடக்கும்வரை சிப்பாயின் கடிதத்தை மேலதிகாரி படிப்பார். எங்கே இருக்கிறேன் என்று எழுதக் கூடாது, எங்கே போகிறேன் என்றும் எழுதக் கூடாது. போர் முடிந்து தணிக்கையும் போயிற்று. இனி எதை வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் எழுத என்ன இருக்கிறது? இன்று போர்வை எண்ணினேன். நேற்று எண்ணியதில் நான்கு குறைகிறது. மழை. உன் கடிதம் வரவில்லை. இப்படித்தான்.

என் அனுபவத்தில் சொல்கிறேன், சண்டைக் காலத்துப் பிரிவுக்கு ஒரு காரணம் உண்டு, கேட்கிறவர்களிடம் சொல்லிக்கொள்ளலாம். அதன் பிறகான பிரிவுக்குக் காரணம் சொல்ல முடியாது. சண்டையில் ஒரு மாதம் கடிதம் வராவிட்டால் அவள் பயப்படுவாள். சமாதானத்தில் ஒரு வாரம் வராவிட்டாலே சந்தேகப்படுவாள். சந்தேகத்துக்கு இடமும் இருந்தது. ஜெர்மானியரோடு பழகக் கூடாது என்ற தடை ஜூலையிலேயே தளர ஆரம்பித்தது. அந்தச் சேதி பத்திரிகை வழியாக அவளுக்கும் போய்ச் சேராமல் இருக்குமா? அவன் பக்கத்துப் பயம் ‘டியர் ஜான்’ கடிதம், அதாவது உறவை முறித்துக்கொண்டு அவள் எழுதும் கடிதம். ‘என் கண்ணே’ என்று தொடங்காமல் ‘அன்புள்ள ஜான்’ என்று விறைப்பாகத் தொடங்கினாலே முடிவு தெரிந்துவிடும். 1946-ல் அமெரிக்காவில் விவாகரத்து 6 லட்சத்தைத் தாண்டியது. பழியை முழுக்கப் பிரிவின் தலையில் கட்ட நான் தயாரில்லை. அவசரக் கல்யாணங்களும் அதில் நிறைய.

ஊரில் காத்திருந்த மனைவிக்கு மாதம் 50 டாலர் வரும். அதில் 22 அவன் சம்பளத்திலிருந்து பிடித்தது, மீதி 28 அரசு போட்டது. கடைநிலைச் சிப்பாயின் சம்பளமே 50 டாலர்தான் என்பதை நினைவில் வையுங்கள். போர்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவளாக இருந்தால், ஜப்பான் சரணடைந்ததும் அந்த வேலையும் பெரும்பாலும் போயிருக்கும்.

இந்தப் பிரிவிலிருந்து ஐந்து நட்சத்திரத் தளபதியும் தப்பவில்லை. ஐரோப்பாவில் நேசப் படைகளுக்கே தலைவரான ஐசனோவர், 1945 ஜூனில் வாஷிங்டனுக்கு எழுதிக் கேட்டார்: என் மனைவி இங்கே வந்து என்னோடு இருக்கலாமா? விஷயம் ஜனாதிபதி ட்ரூமன் வரைக்கும் போய், முடியாது என்று பதில் வந்தது. மற்றவர்களுக்கு இல்லாத சலுகை தளபதிக்கு மட்டும் எப்படி? நியாயமான பதில். நான் குமாஸ்தாவாக இருந்தாலும் அதைத்தான் தட்டச்சு செய்திருப்பேன்.

1946 ஜனவரியில் பொறுமை உடைந்தது. ஆட்களை அனுப்புவது இனி மெதுவாகத்தான் நடக்கும் என்று அறிவிப்பு வந்ததும், பசிபிக் பக்கம் பிலிப்பைன்ஸின் மணிலாவில் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் தெருவில் இறங்கினார்கள். ‘கப்பல் இல்லையேல் ஓட்டு இல்லை’ என்று ஊருக்கு எழுதினார்கள். பிராங்பர்ட்டிலும் ஊர்வலம். சீருடையில் இருப்பவன் ஊர்வலம் போவது என்றால் என்ன என்று ராணுவத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். அங்கே அமெரிக்காவில் மனைவிமார் ‘அப்பாவைத் திருப்பி அனுப்பு’ சங்கங்கள் தொடங்கி, காங்கிரஸ் (அந்த நாட்டு நாடாளுமன்றம்) உறுப்பினர்களுக்குக் குழந்தைச் செருப்புகளைப் பார்சலில் அனுப்பினார்கள். ஐசனோவர் அதற்குள் தரைப்படையின் தலைமைப் பதவிக்கு வந்து வாஷிங்டனில் இருந்தார். காங்கிரஸ் கட்டடத்துக்கு வந்தவரை இந்தப் பெண்கள் வழிமறித்துச் சூழ்ந்துகொண்டார்கள். ஆறேழு மாதம் முன்பு அதே குறைக்காகக் கடிதம் எழுதியவர் அவர். அன்று அவர்களிடம் என்ன சொல்லியிருக்க முடியும்?

தங்கியே ஆகவேண்டிய படைக்குக் கடைசியில் ஒரு வழி பிறந்தது. 1946 ஏப்ரல் முடியும் தறுவாயில், ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபென் துறைமுகத்தில் ஒரு கப்பல் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர்கள் மனைவிகள், கையிலும் இடுப்பிலுமாகக் குழந்தைகள். அவனை ஏற்றிப்போகத் தேர் வரவில்லை. அவளை ஏற்றிக்கொண்டு வந்தது.