சுவர் இருந்தால்தான் சித்திரம்

பெருமதிப்பிற்குரிய மருத்துவமனை முதல்வர் அவர்களே, குழந்தைகள் நலப் பிரிவுத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் செவிலியர் கண்காணிப்பாளர் அம்மா அவர்களே, பின்வரிசையில் கையில் பெயின்ட் கறையோடு உட்கார்ந்திருக்கும் ஓவியத் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம். பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஐயா இன்னொரு விழாவை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறார். அவருக்குத் தனி நன்றி. எனக்கு வேலையே அவரிடம்தான்.

நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில், ஆள் வந்தால் அசையும், தொட்டால் ஒளிரும் ஓவியம் வைப்பது பற்றி மூன்று செய்திகள்: சுவர், கை, பணம். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். அதனால் சுவரிலிருந்து தொடங்குகிறேன்.

லண்டனில் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் என்று ஒரு குழந்தைகள் மருத்துவமனை. அங்கே ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் நடை. அம்மா சேலைத் தலைப்பைப் பிசைந்தாலும் கோட்டுப் பொத்தானைத் திருகினாலும் பயம் ஒரே பயம்தானே! 2012-இல் ஜேசன் புரூஜஸ் கலைக்கூடம் அந்தச் சுவரில் காட்டு மரங்கள் அச்சிட்ட தாளை ஒட்டியது. தாளுக்குப் பின்னால் 70 எல்இடி பலகைகள், 72,000 விளக்குப் பொட்டுகள். பிள்ளை போகப் போக மரங்களுக்கிடையே குதிரை வரும், மான் வரும், முள்ளெலி வரும், தவளை வரும். பலகைகளை எந்த உயரத்தில் வைத்தார்கள் தெரியுமா? பல வயதுப் பிள்ளைகளின் கண்மட்டத்துக்கு ஏற்றபடி, பல உயரங்களில். நாம் படம் மாட்டினால் எங்கே மாட்டுவோம்? ஃபேனுக்குக் கீழே, தலைவர் படத்துக்குப் பக்கத்தில்! அதைப் பல்லி பார்க்கும், பிள்ளை பார்க்காது.

பொறியாளர் ஐயா, முதலில் ஓதம் பாருங்கள். ஒரு முழம் பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒருநாள் விடுங்கள். உள்பக்கம் நீர் முத்துக் கட்டினால் அந்தச் சுவர் வேண்டாம். சுவர் இருந்தால்தான் சித்திரம். ஓதச் சுவரில் சித்திரமும் உரியும், வயரும் கெடும்.

அடுத்து, ஆள் வருவதை அறியும் சென்சார். உடல் சூட்டை உணரும் பிஐஆர் வகை மலிவு. ஆனால் மே மாதத்தில் கூடத்தின் சூடு உடல் சூட்டை நெருங்கும்போது ஆளையும் சுவரையும் அதனால் பிரித்தறிய முடியாது. காதுக்குக் கேளாத ஒலியை அனுப்பி, எதிரொலியால் ஆளை அறிவது மீயொலி வகை; அந்த ஒலியைத் துணி உறிஞ்சிவிடும். லேசரால் தூரம் அளக்கும் சென்சார் நல்லது. ஜன்னல் வெயில் மட்டும் அதன்மேல் விழக் கூடாது.

டபிள்யூஎஸ்2812பி என்ற, நிறம் மாறும் எல்இடி விளக்கு ஒன்று முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். நூறு விளக்குக்கு 6 ஆம்பியர். ஒரு முனையில் மட்டும் மின்சாரம் கொடுத்தால் மறுமுனையில் வெள்ளை மஞ்சளடிக்கும்; இரு முனையிலும் கொடுங்கள். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னவே கூடாது, வலிப்பு வரும் பிள்ளைகள் இருப்பார்கள். ஒலி அறவே வேண்டாம். டோக்கன் எண் காதில் விழாமல் போனால் ஓவியத்தைத்தான் திட்டுவார்கள்.

இரண்டாவது, கை. பிள்ளைகள் தொடும் இடத்தில் அக்ரிலிக் தகடு போடாதீர்கள். சானிடைசரில் துடைக்கத் துடைக்க வலைவலையாக வெடிக்கும். டஃபன்ட் கண்ணாடி போதும். கழன்று வரும் காந்தம் ஆகவே ஆகாது. இரண்டை விழுங்கினால் குடலை நடுவில் வைத்து நெரித்துவிடும்.

கை என்றதும் பின்வரிசைக் கைகள் நினைவுக்கு வருகின்றன. ஊர்ச் சுவரெல்லாம் எழுதிய கைகள். ஃப்ளெக்ஸ் வந்ததும் வேலை போன கைகள். காட்டை அச்சடிக்க வேண்டாம் ஐயா, இவர்களை எழுதச் சொல்லுங்கள். ஃப்ளெக்ஸ் கிழிந்தால் குப்பை. எழுதிய சுவரில் கீறல் விழுந்தால் எழுதியவரே வந்து ஒரு தூரிகையில் சரிசெய்வார். டெண்டரில் 'அச்சு' என்ற சொல்லை அடித்துவிட்டு 'கையால் எழுதிய ஓவியம்' என்று போடுங்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்கிறோமே, சித்திரக்காரர் இருக்க வேண்டாமா?

மூன்றாவது, பணம். மணி அடித்துவிட்டார்கள். அதை முதல்வர் அவர்கள் அறையில், தேநீரோடு பேசிக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.