எல்லைக்கு யார் பொறுப்பு? திருப்பூர்க் கூட்டமொன்றில் ஆற்றிய உரை

விழாத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஐயா அவர்களே, பனியன் உற்பத்தியாளர்களின் சார்பில் வந்திருக்கும் செயலாளர் அண்ணன் அவர்களே, மாமன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, தொழிற்சங்கத் தோழர்களே, ஷிப்ட் முடித்துச் சாப்பிடக்கூடப் போகாமல் வந்து நிற்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

நீதிபதி ஐயா முன்னால் சட்டம் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. பிழை இருந்தால் ஐயா இங்கேயே திருத்தலாம். செயலாளர் அண்ணன் வாடகை வாங்காமல் மண்டபம் தந்திருக்கிறார். அவருடைய ஆட்கள் சிலருக்குக் கசக்கும் பேச்சு இது என்று தெரிந்தே தந்தார். அதனால் அவருக்கு இரட்டை நன்றி.

வங்கதேசத்திலிருந்து ஆவணமில்லாமல் எல்லை தாண்டி நம் ஊர்வரை வேலைக்கு வருகிறவர்களைப் பற்றி மூன்று செய்தி சொல்ல வந்தேன்: வேலி, காகிதம், திருப்பி அனுப்புதல். கடைசியில் ஒரு கோரிக்கை.

முதலில் வேலி. இந்தியா - வங்கதேச எல்லை 4,096.7 கிலோமீட்டர். நாடாளுமன்றத்தில் 2025 பிப்ரவரியில் உள்துறை சொன்ன கணக்குப்படி 3,232 கிலோமீட்டருக்கு வேலி போட்டாயிற்று, 864 பாக்கி. அந்தப் பாக்கியில் 174 கிலோமீட்டர் ஆறும் சதுப்பும், வேலி நிற்காத இடம். மிச்சம் எல்லாம் நிலம் கையகப்படுத்தும் இழுபறி, அந்தப் பக்கத்துப் படையின் ஆட்சேபணை, ஒப்பந்தக்காரர் தாமதம் என்று கிடக்கிறது.

வேலி எல்லைக்கோட்டின் மேலேயே நிற்பதாகத்தான் நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியில்லை. 1975 உடன்பாட்டின்படி கோட்டிலிருந்து 150 கெஜத்துக்குள் பாதுகாப்புக் கட்டுமானம் எதுவும் கூடாது. ஆகவே வேலி உள்வாங்கி நிற்கிறது. வேலிக்கும் கோட்டுக்கும் நடுவே இருப்பது நம் விவசாயியின் வயல். அவர் காலையில் அடையாள அட்டையைக் காவல் சாவடியில் கொடுத்துவிட்டு, கேட் திறந்த பிறகுதான் தன் வயலுக்குப் போக முடியும். ஈரக்காற்றில் முள்கம்பி துருப்பிடிக்கும். மழைத்தண்ணீர் வடியக் கல்வெர்ட் விட்டாக வேண்டும், அதுவே ஆள் நுழையும் சந்து. அசாமின் துப்ரியில் பிரம்மபுத்திரா அந்தப் பக்கம் போகும் இடத்தில், ஒவ்வொரு வெள்ளத்துக்கும் மணல்திட்டு இடம் மாறும். நேற்றுத் தூண் நட்ட இடம் இன்று ஆறு. அங்கே 61 கிலோமீட்டருக்கு 2019 மார்ச்சில் கேமராவும் சென்சாரும் வைத்தார்கள். சென்சார் கத்தும், சரி. கத்தின இடத்துக்குப் படகில் ஆள் போய்ச் சேர வேண்டுமே!

2021 அக்டோபரில் ஒன்றிய அரசு ஓர் அறிவிக்கை போட்டது. மேற்கு வங்கம், அசாம், பஞ்சாபில் எல்லைப் பாதுகாப்புப் படை சோதனை போட, கைது செய்ய இருந்த 15 கிலோமீட்டர் ஆழத்தை 50 ஆக்கியது. அதிகாரம் மூன்று மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. பொறுப்பு எத்தனை மடங்கு கூடியது? எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம் பாட்டிமார் கேட்டது இதைத்தான்.

கொஞ்சம் இளைப்பாற ஒரு கதை சொல்கிறேன். இன்றைய மேற்கு வங்கத்துக் கூச் பீகார் ராஜாவும், இன்றைய வங்கதேசத்து ரங்பூரின் ஃபௌஜ்தார் என்ற முகலாய அதிகாரியும் சதுரங்கம் ஆடினார்களாம். பணயம், கிராமம். இவர் தோற்றால் இவர் ஊர் அவருக்கு, அவர் தோற்றால் அவர் ஊர் இவருக்கு. ஆடி முடித்துப் பார்த்தால் இவர் ராஜ்யத்துக்குள்ளே அவர் ஊர், அவர் ராஜ்யத்துக்குள்ளே இவர் ஊர், தோசையில் ஓட்டை போல! சதுரங்கம் கட்டுக்கதையாகவே இருக்கட்டும். 18ஆம் நூற்றாண்டு உடன்படிக்கைகளில் பிறந்த அந்த ஓட்டைகள் கட்டுக்கதை இல்லை. 1947இல் கோடு போட்டபோதும் அவை அப்படியே இருந்தன. வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் துண்டுகள், இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் துண்டுகள். அதில் தஹாலா காக்ராபாரி என்று ஒரு சணல் வயல், இரண்டு ஏக்கர்கூட இல்லை. அது அப்போது இந்தியா. அதைச் சுற்றி ஒரு வங்கதேச ஊர். அந்த ஊரைச் சுற்றி இந்தியா. அந்த இந்தியாவைச் சுற்றி வங்கதேசம்! உழுகிற மாடு வரப்பைத் தாண்டினால் வெளிநாடு. (சிரிப்பு)

சிரிக்கிறீர்கள். அங்கே குடியிருந்தவன் கதையைக் கேளுங்கள். விசா வாங்க வேண்டுமானால் தன் நாட்டு நகரத்துக்குப் போக வேண்டும். போக வேண்டுமானால் அடுத்த நாட்டு மண்ணை மிதிக்க வேண்டும். மிதிக்க விசா வேண்டும்! பிள்ளை பெற ஆஸ்பத்திரிக்குப் போன பெண்கள், அக்கம்பக்கத்து இந்தியர் ஒருவர் பெயரைப் புருஷன் பெயர் என்று எழுதிக் கொடுத்தார்கள். பிறந்த குழந்தையின் முதல் காகிதத்திலேயே பொய். 2015 ஜூலை 31 நள்ளிரவில்தான் துண்டுகளை மாற்றிக்கொண்டார்கள். 68 வருஷம் வீட்டை விட்டுக் காலெடுத்து வைத்தவனையெல்லாம் சட்டவிரோதக் குடியேறி ஆக்கியது யார்? எய்தவன் இருக்க...

(கூட்டம்: அம்பை நோவானேன்!)

நன்றி. இப்போது காகிதம். இது நம் ஊர்ச் சங்கதி. மேற்கு வங்கத்து முர்ஷிதாபாத், மால்டாவிலிருந்து வரும் நம் நாட்டுத் தொழிலாளி பேசுவதும் வங்காளிதான், எல்லை தாண்டி வந்தவர் பேசுவதும் வங்காளிதான். பேச்சை வைத்து ஆளை எடை போடுகிறவன் தப்பு செய்வான். மேற்கு வங்கத்து பீர்பூமைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணியை 2025இல் டில்லியில் பிடித்து வங்கதேசத்துக்குள் தள்ளிவிட்டார்கள். கல்கத்தா உயர்நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது.

பீஸ் கணக்கில் கூலி கொடுத்து ஆள் வைக்கும் பீஸ்ரேட் கான்ட்ராக்டர் என்ன செய்கிறார்? ஆதார் ஜெராக்ஸ் வாங்கி ஃபைலில் சொருகுகிறார், அத்தோடு சரி. அசல் அட்டையைக் கேளுங்கள். ஆதார் ஆணையத்தின் செயலியில் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள். திரையில் வரும் பெயர், பிறந்த தேதி, போட்டோ மூன்றும் அட்டையோடும் எதிரே நிற்கும் முகத்தோடும் ஒத்துப்போக வேண்டும். அச்சடித்த போலி இங்கேயே மாட்டிக்கொள்ளும். ஒத்துப்போனால் அட்டை உண்மை, அவ்வளவுதான். பொய்யான பிறப்புச் சான்றை வைத்து எடுத்த அசல் ஆதாரும் இதில் தேறிவிடும். ஆதார் குடியுரிமைக்குச் சான்றே அல்ல என்று அந்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவே சொல்கிறது. ஆகவே சொந்த ஊர்ப் பஞ்சாயத்து, அங்கே போனில் பேசக்கூடிய ஒரு சொந்தக்காரர், பழைய பள்ளிச் சான்று என்று இரண்டாவது நூலையும் பிடித்துப் பாருங்கள்.

2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடிவரவு, வெளிநாட்டவர் சட்டம் நடப்பில் இருக்கிறது. ஆவணமில்லாமல் நுழைந்தால் 5 ஆண்டு வரை சிறை, போலிப் பாஸ்போர்ட்டையோ விசாவையோ தெரிந்தே பயன்படுத்தினாலோ கொடுத்தாலோ 2 முதல் 7 ஆண்டு. நல்லது. உள்ளே போகிறவர் யார்? ஊசி பிடித்தவர். எல்லையில் காசு வாங்கிக் கடத்திவிட்ட தலால் என்கிற தரகன், அட்டை போட்டுக் கொடுத்த கடைக்காரன், பி.எஃப்., இ.எஸ்.ஐ. கேட்கமாட்டான் என்று தெரிந்தே குறைந்த கூலிக்கு வைத்துக்கொண்டவர், இவர்களில் எத்தனை பேர் உள்ளே போனார்கள்? செயலாளர் அண்ணன் தலையாட்டுகிறார், மகிழ்ச்சி.

மூன்றாவது, திருப்பி அனுப்புதல். அதற்கு அந்த நாடு ‘எங்கள் ஆள்தான்’ என்று ஒப்புக்கொள்ள வேண்டும். தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். இதை இன்னொரு நாள் பேசுவோம். கோரிக்கையைச் சொல்லாமல் இறங்கமாட்டேன்.

எந்த அதிகாரம் ஒன்றியத்துக்கு, எது மாநிலத்துக்கு என்று பிரிக்கும் அரசமைப்பின் ஏழாவது அட்டவணையைப் பாருங்கள். வெளிநாட்டவரும் குடியுரிமையும் ஒன்றியப் பட்டியலில் 17ஆம் பதிவு. நாட்டுக்குள் அனுமதிப்பது, வெளியேற்றுவது 19. போலீஸ் மட்டும் மாநிலப் பட்டியலில் 2. சர்பானந்த சோனோவால் வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம், 355ஆம் பிரிவின்படி மாநிலங்களைக் காப்பது ஒன்றியத்தின் கடமை என்று சொல்லி, சட்டவிரோதக் குடியேறி யார் என்று தீர்மானிக்க அசாமுக்கென்று 1983இல் போட்ட சட்டத்தையே ரத்து செய்தது. கதவு டில்லி கையில். கதவு திறந்து கிடந்து, வந்த ஒருவன் நம் தெருவில் கத்தியை எடுத்தால், செத்தவன் வீட்டுக்கு இழப்பீடு எந்தப் பணத்தில்? மாநிலத்தின் நிதியில். பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியிலிருந்து ஒன்றியம் 200 கோடியை நாடு முழுமைக்கும் ஒருமுறை பங்கிட்டது, அதற்குப் பிறகு சுமை இங்கேதான்.

நாம் கேட்பது இதுதான். குற்றவாளி எல்லை தாண்டி வந்தவர் என்று நீதிமன்றத்தில் உறுதியானால், இழப்பீட்டில் பாதியை ஒன்றிய அரசு தர வேண்டும். அவர் எந்த வழியாக, யார் காசில், எந்த அட்டையோடு வந்தார் என்ற பாதை அறிக்கையும் ஒவ்வொரு வழக்கிலும் தாக்கலாக வேண்டும். கை வலித்தால்தான் கதவைச் சாத்துவார்கள்.

அதுவரை இருப்பதையாவது வாங்குங்கள். பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 396ஆம் பிரிவின்படி மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு போடலாம். குற்றவாளி யாரென்றே கண்டுபிடிக்க முடியாமல், வழக்கு நடக்காமல் போனாலும் போடலாம். எஃப்.ஐ.ஆர். நகல், காயச் சான்று அல்லது இறப்புச் சான்று, வங்கிப் பாஸ்புக் கொண்டுபோங்கள். இரண்டு மாதத்தில் விசாரித்து முடிக்க வேண்டும் என்பது சட்டம். வழி தெரியாவிட்டால் சட்ட உதவி எண் 15100க்குப் போன் செய்யுங்கள்.

நம் கோரிக்கை மனு வாசலில், டீ வைத்திருக்கும் மேஜைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீதிபதி ஐயா முதல் கையெழுத்துப் போட இசைந்திருக்கிறார். அடுத்தது நீங்கள். பெயரைத் தமிழில் முழுசாக எழுதுங்கள். மேஜையில் பேனா இரண்டுதான் இருக்கிறது, எழுதினவர்கள் அங்கேயே வைத்துவிட்டுப் போங்கள்.