ஒரே வருடம், ஒரே விலை, இரண்டு லேப்டாப்

நேயர்களுக்கு வணக்கம். லட்ச ரூபாய் போட்டு லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது, "மேக்கா, திங்க்பேடா, டெல்லா?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, "எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள்?" அந்த லட்சம் மூன்று வருடம் உழைத்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 2,800 ரூபாய் ஆகிறது. ஏழு வருடம் உழைத்தால் 1,200 கூட ஆகாது.

"ஆப்பிள் என்றால் நீடிக்கும்" என்பார்கள். 2020 மார்ச்சில் ஆப்பிள் ஒரு மேக்புக் ஏரை விற்பனைக்குக் கொண்டுவந்தது, உள்ளே இன்டெல் சிப். நவம்பரில் இன்னொரு ஏர், இம்முறை தன் சொந்த எம்1 சிப்போடு. அமெரிக்காவில் இரண்டுக்கும் ஆரம்ப விலை 999 டாலர். மூடி வைத்தால் எது எதுவென்று எனக்கே சட்டென்று பிடிபடாது. ஆனால் முதலாவதுக்கு விசிறி வேண்டும், எம்1 ஏரில் விசிறியே கிடையாது. 2025இல் வந்த டாஹோ இயங்குதளம் நவம்பர் ஏரில் ஏறுகிறது, மார்ச் ஏரில் ஏறுவதில்லை. எட்டு மாதம் பொறுத்தவருக்கு அதே காசில் பல வருட ஆயுள் கூடுதல். மூடியில் இருக்கும் ஆப்பிள் படம் இரண்டிலும் ஒன்றுதான்.

விண்டோஸ் பக்கமும் இதே கதைதான். லெனோவோ நிறுவனத்தின் திங்க்பேடு வரிசையில் 2017இன் எக்ஸ்1 கார்பன் அன்றைக்கு ராஜா. ஏழாம் தலைமுறை இன்டெல் சிப் என்பதால் விண்டோஸ் 11 பட்டியலில் அதற்கு இடமில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்தது. கீபோர்டு இன்னும் புத்தம்புதிதுபோல இருக்கும், அதுதான் வயிற்றெரிச்சல். (லினக்ஸ் என்ற மாற்று இயங்குதளம் போடத் தெரிந்தவர்கள் கவலைப்பட வேண்டாம்.)

அப்புறம், பிரித்து மாற்ற முடியுமா என்ற கேள்வி. மேக்புக் ஏரில் ரேமும் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்) சேமிப்பகமும் போர்டோடு ஒட்டியவை. வாங்குகிற அன்றே முடிவு செய்துவிட வேண்டும். முன்பு ரேமில் 8 ஜிபியிலிருந்து 16க்குப் போக இங்கே 20,000 ரூபாய் கேட்டார்கள். 2024 அக்டோபரில்தான் ஏரின் ஆரம்ப ரேம் அளவே 16 ஜிபி ஆனது. டெல் எக்ஸ்பிஎஸ் 13இன் திரை அழகுதான், மறுக்கவில்லை. அதிலும் ரேமை மாற்ற முடியாது. 2022இன் பிளஸ் மாடலில் மேல்வரிசைச் சாவிகளையே எடுத்துவிட்டுத் தொட்டால் இயங்கும் ஒளிக்குறிகள் வைத்தார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை.

திங்க்பேடுக்கு எந்தத் திருகை எந்த வரிசையில் கழற்றுவது என்பதுவரை சொல்லும் பராமரிப்புக் கையேட்டை லெனோவோ இணையத்தில் எல்லோருக்கும் தருகிறது. ஆனால் திங்க்பேடிலும் பார்த்து வாங்க வேண்டும். விலை உயர்ந்த எக்ஸ்1 கார்பனில் ரேம் ஒட்டியது. 2024இன் டி14 ஐந்தாம் தலைமுறையில் ரேமைச் செருக இரண்டு ஸ்லாட் உண்டு.

தெரிந்த கணக்காளர் ஒருவர் மேக்புக் ஏரில் மனதைப் பறிகொடுத்திருந்தார். அவர் பிழைப்பே டாலி என்ற கணக்கு மென்பொருளில். டாலிக்கு விண்டோஸ் வேண்டும். டி14 வாங்குங்கள், ஒரு ஸ்லாட்டில் 16 ஜிபி போதும், மற்றதைக் காலியாக விடுங்கள், வேலை கூடும்போது நிரப்பிக்கொள்ளலாம் என்றேன். வாங்கிவிட்டார். அந்தக் கறுப்பு நிறம்தான் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லையாம்.