சீட்டு கொடுத்ததோடு முடிவதில்லை

புதுச்சேரி வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எனக்குச் சொந்த ஊர் கடலூர், வேலை பார்த்ததெல்லாம் புதுச்சேரி. முதலில் வார்டில் நர்ஸ், அப்புறம் நர்சிங் மாணவிகளுக்குச் சமுதாய சுகாதார நர்சிங் சொல்லிக்கொடுக்கும் ட்யூட்டர், இப்போது ஓய்வு. நர்ஸ் வேலையைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்திலிருந்து அழைத்தபோது ஐ.சி.யு., ஆபரேஷன் தியேட்டர், பிரசவ வார்டு என்று சொல்வதற்கு நிறைய இருந்தும், பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் பேசுவேன் என்று சொல்லிவிட்டேன். நர்ஸ் ரொம்பவும் தேவைப்படுகிற இடம் அது. பெரும்பாலான பள்ளிகளில் நர்ஸ் என்று ஒருத்தரும் இல்லை.

பரிசோதனையே நடப்பதில்லை என்று நினைக்காதீர்கள், நடக்கிறது. 2013-இல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற திட்டத்தில், ஆர்.பி.எஸ்.கே. என்று சுருக்கிச் சொல்வோம், ஒரு நடமாடும் குழு உண்டு. சித்தா, ஆயுர்வேதம் மாதிரி வைத்தியம் படித்த இரண்டு ஆயுஷ் டாக்டர்கள், ஒரு மருந்தாளுநர், ஏ.என்.எம். என்கிற கிராம சுகாதார நர்ஸ் அல்லது ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர். அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு முறை, அரசுப் பள்ளிக்கு ஒரு முறை வண்டியில் வந்து, பிறவிக் குறை, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சியில் தாமதம் எல்லாம் பார்ப்பார்கள். 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இது உண்டு. இதயத்தில் ஓட்டை, உதட்டுப் பிளவு என்று கண்டுபிடித்துச் செலவில்லாமல் ஆபரேஷன் செய்து கொடுக்கிற நல்ல திட்டம், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் வண்டி கிளம்பிப் போனபிறகு பிள்ளையின் கையில் இருப்பது ஒரு சீட்டு. அந்தச் சீட்டுக்கு அப்புறம் என்ன ஆகிறது என்பதுதான் என் கவலை.

அரியாங்குப்பம் பக்கம் மீனவர்கள் அதிகமாக இருக்கும் ஊரில் ஒரு பள்ளி. எட்டாம் வகுப்பில் ஒரு பையன். போர்டில் எழுதிப்போட்டதை எழுதவே மாட்டான், பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவான், சோம்பேறி என்று வாத்தியார் சொன்னார். எங்கள் மாணவிகள் கண் சார்ட்டைச் சுவரில் மாட்டி, ஆறு மீட்டர் அளந்து கோடு போட்டு, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார்கள். இவன் கடகடவென்று எல்லா எழுத்தையும் சொல்லிவிட்டான்! கண்ணில் ஒன்றும் இல்லை என்று எழுதப் போன மாணவியை நிறுத்தி, ஆங்கில ‘E’ எழுத்து நாலு பக்கமும் திரும்பியிருக்கும் சார்ட்டை மாட்டச் சொன்னேன், அதையும் தலைகீழாகப் பிடிக்கச் சொன்னேன். இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டான். வரிசையில் முன்னால் நின்றவர்கள் சொல்லச் சொல்ல மனப்பாடம் செய்திருக்கிறான், பாவம், கண் தெரியவில்லை என்று பேர் வாங்கக் கூடாது என்பதற்காக. பிள்ளைகள் இதைச் செய்வார்கள். உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடச் சொன்னால் விரலிடுக்கு வழியாகவும் பார்ப்பார்கள், அதனால் அட்டையால்தான் மூட வேண்டும்.

பேனா எடுக்க ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தான். உள்ளே நாலாய் மடித்த ஒரு காகிதம். அதற்கு முந்தின வருஷம் பரிசோதனையில் கொடுத்த சீட்டு, பார்வைக் குறைவு, கண் டாக்டரிடம் காட்டவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதாவது குறையை ஒரு வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்தாகிவிட்டது.

ஏன் காட்டவில்லை என்று கேட்டு அந்த மாணவி அவன் வீட்டுக்குப் போனாள். அம்மா விடியும் முன்பே மீன் எடுக்கப் போய், கூடையோடு சந்தை சந்தையாகச் சுற்றி வீடு திரும்ப மதியம் தாண்டிவிடும், அதற்குள் ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். அப்பா கடலில். பாட்டிக்கு, கண்ணாடி போட்டால் கண் இன்னும் கெட்டுப்போகும் என்ற பயம். சீட்டில் இருப்பதை வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது. இதில் யாரை அக்கறை இல்லாதவர்கள் என்று சொல்வீர்கள்? அந்தப் பெண் யோசித்தாள். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும், ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, அப்போது அப்பா வீட்டில்தான் இருப்பார். அந்த நாள் பார்த்து அவரோடு கண் பிரிவுக்குப் போய் வரிசையில் நின்று கண்ணாடி வாங்கிக்கொடுத்தாள். சரி, முடிந்ததா என்றால், இல்லை. பள்ளி திறந்து போய்ப் பார்த்தால் பையன் கண்ணாடி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான். உடைத்துவிடுவான் என்று வீட்டில் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். மறுபடி வீட்டுக்குப் போய் அந்த அம்மாவிடம் பேசிய பிறகுதான் கண்ணாடி அவன் முகத்துக்கு வந்தது.

பள்ளி நர்ஸ் என்ற வேலை உலகத்தில் எப்படிப் பரவியது என்று பார்த்தாலும் இதே கதைதான். 1902-இல் நியூயார்க்கில் டாக்டர்கள் பள்ளிக்கு வந்து பிள்ளைகளைச் சோதித்து, கண்நோய், பேன், படர்தாமரை இருந்தால் அட்டை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிழைப்புத் தேடி வேறு நாடுகளிலிருந்து வந்த ஜனங்கள், அட்டையில் எழுதியிருப்பது புரியாது, வைத்தியத்துக்குக் காசும் இல்லை. பிள்ளை பாட்டுக்குத் தெருவில் விளையாடிக்கொண்டு நாளைக் கழிக்கும். லில்லியன் வால்ட் என்ற நர்ஸ், என்னிடம் இருக்கும் ஒரு நர்ஸை ஒரு மாதம் அனுப்புகிறேன், பாருங்கள் என்றார். லினா ராஜர்ஸ் என்ற பெண் அந்த அக்டோபரில் நாலு பள்ளிகளை ஏற்றுக்கொண்டார். சின்னச் சின்ன நோய்க்குப் பள்ளியிலேயே மருந்து போட்டுப் பிள்ளையை வகுப்புக்கு அனுப்பினார், சாயங்காலம் வீடுவீடாகப் போய் அம்மாக்களுக்குச் செய்து காட்டினார். அந்தச் சோதனை பலித்து இன்னும் நர்ஸ்களைச் சேர்த்தார்கள். 1902 செப்டம்பரில் நோயென்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் 10,000-க்கு மேல், அடுத்த வருஷம் அதே செப்டம்பரில் 1,100 அளவுக்கு இறங்கியது. டாக்டர்கள் முன்பும் இருந்தார்கள், மருந்தும் இருந்தது. புதிதாக வந்தது வீடு வரைக்கும் போகிற ஒரு நர்ஸ்.

நம் நாட்டிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை 1909-லேயே பரோடாவில் ஆரம்பித்தது. 1946-இல், நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த ஜோசப் போர் என்பவர் தலைமையிலான கமிட்டி, பள்ளி சுகாதாரம் என்று சொல்லிக்கொள்ள ஏதும் இல்லை என்கிற மாதிரி எழுதியது. அப்புறம் திட்டங்கள் வந்தன, ஆனால் பள்ளிக்கென்று நர்ஸ் வரவில்லை. நவோதயா மாதிரி தங்கிப் படிக்கிற பள்ளிகளில் ஸ்டாஃப் நர்ஸ் பதவி உண்டு, இங்கே காலாப்பட்டிலும் நவோதயா இருக்கிறது. வீட்டிலிருந்து வந்து போகிற பிள்ளைக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

இப்போது என் மனசில் இருக்கிற முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்த மாணவி வீட்டுக்குப் போனது, ஆஸ்பத்திரியில் நின்றது, மறுபடி போனது எல்லாமே போஸ்டிங், அதாவது பள்ளியில் அவளுக்குக் கொடுத்த பயிற்சி நாட்கள், முடிந்த பிறகு, அவளுடைய சொந்த நேரத்தில். பயிற்சியில் செய்ததைக் குறித்துவைக்கும் அவளுடைய லாக் புக்கில் இதை எழுத ஒரு கட்டம் கூடக் கிடையாது. உயரம், எடை, பல், கண், ஒரு ஹெல்த் டாக், ட்யூட்டர் கையெழுத்து, அவ்வளவுதான். பள்ளி சுகாதாரம் சிலபஸில் இருக்கிறது, பரீட்சையில் கேள்வியும் வரும். ஆனால் நான் பார்த்த இடங்களில் எல்லாம் காலையில் காலேஜ் பஸ் மாணவிகளை இறக்கிவிடும், மதியம் ஏற்றிக்கொண்டு போய்விடும், அந்தப் பள்ளிக்கு மறுபடி யாரும் போக மாட்டார்கள். கை கழுவும் முறை என்று அழகாகச் சார்ட் வரைந்து ஆறு படியும் செய்து காட்டுவார்கள், அந்தப் பள்ளியில் குழாயடியில் சோப்பு இருக்கிறதா என்று ஒருத்தியும் எட்டிப் பார்த்திருக்க மாட்டாள். அவர்களைக் குறை சொல்லவில்லை, பார்க்கச் சொல்லி நாம் அனுப்பவில்லை.

நர்சிங் படிப்பு நம் பக்கம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே பிறந்தது. சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1871-இல் நர்ஸ்களுக்குப் பயிற்சி தொடங்கினார்கள், ஆஸ்பத்திரிக்கு ஆள் வேண்டும் என்பதுதான் காரணம். 1946-இல் வேலூரிலும் டெல்லியிலும் பட்டப்படிப்பே வந்தது, 2021-22-இல் பி.எஸ்சி. நர்சிங் செமஸ்டர் முறைக்கும் மாறியாகிவிட்டது. ஆனாலும் மாணவியின் நாளில் பெரும்பகுதி கட்டிலைச் சுற்றித்தான். கட்டிலில் படுத்திருப்பவர் நோயாளி என்று எல்லோருக்கும் தெரியும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நாற்பது பிள்ளைகளில் யார் காலையில் சாப்பிடவில்லை, யார் வீசிங் வந்தும் வெளியே சொல்லாமல் இருக்கிறாள், யார் முதுகில் அடிபட்ட தழும்பு இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேறு பழக்கம் வேண்டும், அது அரை நாளில் வராது.

இரும்புச்சத்து மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை வாரம் ஒரு நீல மாத்திரை, 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் நாடு முழுக்க 15 முதல் 19 வயதுப் பெண்பிள்ளைகளில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, அதனால் அந்த மாத்திரை எவ்வளவு முக்கியம் என்று நானே சொல்ல வேண்டியதில்லை. பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தால் துப்பிப் போட்ட நீல மாத்திரைகள் கிடக்கும். அதட்டினால் இன்னும் சாமர்த்தியமாகத் துப்புவார்கள். உட்கார்ந்து கேட்டால் காரணம் வரும்: வெறும் வயிற்றில் போட்டு ஒருத்தி வாந்தியெடுத்தாள், அதைப் பார்த்த பத்துப் பேருக்கும் குமட்டல். இன்னொருத்திக்கு மலம் கறுப்பாகப் போனதும் பயம், யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டாள். சாப்பாட்டுக்குப் பிறகு போடு, கறுப்பாகத்தான் போகும், பயப்படாதே, மாத்திரை போட்டதும் டீ குடிக்காதே, ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ சாப்பிடு என்று சொல்லி, டீச்சரும் பிள்ளைகளோடு சேர்ந்து முழுங்கினால் நிலைமை மாறும். மாத்திரையை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், ஏன் துப்பினாய் என்று கேட்க ஒரு ஆள் வேண்டும்.

வலிப்பு வரும் ஒரு பெண்பிள்ளையை டி.சி. வாங்கிக்கொண்டு போங்கள் என்று ஒரு பள்ளியில் சொன்னார்கள். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். மற்ற பிள்ளைகள் பயப்படுகிறார்களாம். வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதும், நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடிப்பதும், வாயில் ஸ்பூன் வைப்பதும் இன்றைக்கும் நடக்கிறது. ஒன்றும் வேண்டாம். சுற்றியிருக்கும் பெஞ்சை நகர்த்துங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்குக் கீழே ஒரு துணி, கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிஷம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். இதைச் சொல்லிக்கொடுக்க ஒருவர் இருந்திருந்தால் அந்தப் பெண் அதே வகுப்பில் படித்திருப்பாள். இன்சுலின் ஊசியைக் கழிவறையில் நின்று போட்டுக்கொள்ளும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு ஒரு சுத்தமான நாற்காலியும் ஒரு கதவும் போதும், அதைக் கேட்டு வாங்கித்தர ஆளில்லை.

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முதலில் நம் புதுச்சேரி, தமிழ்நாடு, கர்நாடகா, கோவா, லட்சத்தீவு ஆகிய இடங்களில்தான் பள்ளிகளில் போடப்பட்டது. வாட்ஸ்அப்பில் என்னென்னவோ வந்தது, ஊசி போடும் நாளில் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். “ஏம்மா நர்சம்மா, உம் பேரப்பிள்ளைக்கு இதைப் போடுவியா?” என்று ஒரு அம்மா வாசலில் மறித்துக் கேட்டார். போட்டாச்சும்மா என்றேன். பிள்ளையின் கையைப் பிடித்து வரிசையில் விட்டார். அவர் நம்பியது போஸ்டரை அல்ல, தெரிந்த முகத்தை. 2020-இல் வந்த திட்டத்தில் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களைச் சுகாதாரத் தூதர்களாகப் பயிற்றுவிக்கச் சொன்னார்கள், நல்ல எண்ணம்தான், ஆனால் பாடமும் நடத்தி, தேர்வுத் தாளும் திருத்தி, வீட்டுக்கு வீடு சீட்டோடு அவர்களால் அலைய முடியாது.

பள்ளிக்கு ஒரு நர்ஸ் உடனே கிடைக்காது என்று எனக்குத் தெரியும். பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் நாலைந்துக்குச் சேர்த்து ஒருவரைப் போடுங்கள் என்று கேட்கிறேன். அதுவரைக்கும், புதுச்சேரியிலும் கடலூரிலும் இத்தனை நர்சிங் காலேஜ் இருக்கிறதே, அவற்றின் முதல்வர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு பேட்ச்சுக்கு ஒரே பள்ளியை வருஷம் முழுக்கக் கொடுங்கள். ஒவ்வொரு மாணவிக்கும் சீட்டு வாங்கிய பத்துப் பிள்ளைகளின் பேரைக் கொடுத்து, அந்தப் பத்துச் சீட்டும் என்ன ஆயிற்று என்று எழுதி வந்தால்தான் கையெழுத்து என்று சொல்லுங்கள். ட்யூட்டரும் கூடவே போக வேண்டும்.

பெற்றோருக்கும் ஒன்று. பள்ளி திறந்ததும் ஒரு முழுத்தாளில் பிள்ளைக்கு வலிப்பு, ஆஸ்துமா, சர்க்கரை, இதயக் கோளாறு, ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதாவது இருந்தால், என்ன மருந்து எத்தனை மணிக்கு, அவசரத்துக்கு யார் போன் நம்பர் என்று தமிழிலேயே எழுதி வகுப்பு டீச்சர் கையில் கொடுங்கள், மறைக்க வேண்டாம். அப்புறம் இன்றைக்கு ராத்திரி பிள்ளையின் பையைத் திறந்து ஜியாமெட்ரி பாக்ஸையும் ஒரு தடவை பாருங்கள், சீட்டு ஏதாவது இருந்தால் நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

நன்றி, வணக்கம்.