கடல் தாண்டும் பணத்துக்குக் கணக்கு கேட்பது யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

2022ஆம் ஆண்டு இலங்கையில் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் தட்டுப்பாடு வந்தபோது, தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசியும் 500 டன் பால் பவுடரும் மருந்துகளும் அனுப்பியது. முதல் கப்பல் சென்னையிலிருந்து போனது. அப்புறம் தூத்துக்குடியிலிருந்தும் போனது. அதே ஆண்டில் இந்திய அரசு இலங்கைக்குக் கடனாகவும் வேறு வகையிலும் செய்த உதவி ஏறத்தாழ 400 கோடி டாலர். கப்பல் புறப்படும்போது படம் எடுக்கிறோம், செய்தி போடுகிறோம். போன உதவியால் யாருக்கு என்ன கிடைத்தது என்று பிறகு கேட்பது யார்? அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

இந்தியா என்றால் உதவி வாங்கும் நாடு என்ற எண்ணம் இன்னும் பலருக்கு இருக்கிறது. ஆனால் நாமும் கொடுக்கிறோம். 2025-26 பட்ஜெட்டில் பூட்டானுக்கு 2,150 கோடி ரூபாய், மாலத்தீவுக்கு 600 கோடி, இலங்கைக்கு 300 கோடி என்று ஒதுக்கியிருக்கிறார்கள். ஏற்றுமதி இறக்குமதி வங்கி வழியாகப் பல நாடுகளுக்குப் போகும் கடன் தனி. இதில் மனசு நிறையும்படி நடந்த காரியங்களும் உண்டு. போரில் சிதைந்த இலங்கையின் வடக்கு ரயில் பாதையை இந்தியக் கடனுதவியில் திரும்பப் போட்டார்கள். 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு மறுபடி ரயில் ஓடியது.

இந்தச் செலவை நாடாளுமன்றம் எப்படிப் பார்க்கிறது? வெளியுறவுத் துறைக்கென்று ஒரு நிலைக்குழு இருக்கிறது. மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர், மொத்தம் 31 உறுப்பினர்கள். துறைவாரியாக இப்படிக் குழுக்கள் அமைக்கும் முறை 1993இல் வந்தது. பட்ஜெட் வைத்ததும் அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை, அதாவது அந்த ஆண்டுச் செலவுக்கு அது கேட்கும் தொகையின் விவரம், இந்தக் குழுவிடம் போகும். வெளியுறவுச் செயலரையும் அதிகாரிகளையும் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள், அறிக்கை எழுதுவார்கள். அரசு மூன்று மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். சொன்ன பதில் சரியில்லை என்றால் அதையும் அடுத்த அறிக்கையில் எழுதுவார்கள். ஆனால் பரிந்துரையை ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அரசுக்கு இல்லை. விசாரணை மூடிய அறையில்தான் நடக்கிறது. எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. மக்கள் வரிப்பணத்தைப் பற்றிய கேள்வி பதிலை மக்களே கேட்கக் கூடாது என்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

திறந்து வைத்துக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் பெர்காவு என்ற இடத்தில் மின்சாரத்துக்காக அணை கட்ட, பிரிட்டன் தன் உதவி நிதியிலிருந்து 23 கோடியே 40 லட்சம் பவுண்டு கொடுத்தது. இந்த மின்சாரம் வேறு வழியில் கிடைப்பதைவிட அதிக விலையாகும், மலேசிய மக்கள்தான் கூடுதலாகக் கொடுக்க வேண்டிவரும் என்று பிரிட்டனின் வெளிநாட்டு உதவித் துறையின் பொருளாதார வல்லுநர்களே கணக்குப் போட்டுச் சொன்னார்கள். துறையின் தலைமைச் செயலர் டிம் லாங்கெஸ்டர், இதற்குப் பணம் கொடுக்க என்னால் ஒப்ப முடியாது, வேண்டுமானால் அமைச்சர் எழுத்தில் உத்தரவு தரட்டும் என்றார். உத்தரவு வந்தது, பணமும் போனது. 1993இல் தேசியத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை வந்த பிறகுதான் விஷயம் ஊருக்குத் தெரிந்தது. நாடாளுமன்றத்தில் இரண்டு குழுக்கள் விசாரித்தன. மலேசியா பிரிட்டனிடம் ஆயுதம் வாங்கும் பேச்சோடு இந்த உதவி பின்னிக்கிடந்தது வெளியே வந்தது. ஒரு தன்னார்வ அமைப்பு வழக்குப் போட, 1994 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்த உதவி சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. வளர்ச்சி உதவி வறுமையைக் குறைப்பதற்கே என்று 2002இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். 2011இல், உதவியால் விளைந்த பயனை ஆராய்ந்து நாடாளுமன்றக் குழுவுக்கு அறிக்கை தர ஒரு தனி ஆணையமும் அமைத்தார்கள். அங்கே குழு விசாரணை பெரும்பாலும் பொதுவில் நடக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுத்தில் சாட்சியம் அனுப்பலாம். இத்தனை இருந்தும் உதவித் தொகையை வெட்டுவதை அவர்களால் தடுக்க முடியவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் என்று சட்டம் போட்ட நாடு, 2021இல் அதை 0.5 ஆக்கியது. 2027க்குள் 0.3க்கு இறக்கப் போவதாக அறிவித்திருக்கிறது.

சரி, நம் பக்கம் வருவோம். இலங்கையின் மலைப்பகுதியான மலையகத்தில் தேயிலைத் தோட்டங்களில் இருப்பவர்களில் பலருடைய பாட்டன் பூட்டன்மார் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரை, திருச்சிப் பக்கமிருந்தும் போனவர்கள். தலைமுறை தலைமுறையாக, வரிசையாகக் கட்டிய லைன் வீட்டு ஒற்றை அறையில் வாழ்ந்தவர்கள். 2010இல் இந்தியா அறிவித்த 50,000 வீடுகளில் 46,000 வடக்கு கிழக்குக்கு, 4,000தான் மலையகம் பக்கத்துக்கு. வடக்கில் முதல் 1,000 வீட்டை நிறுவனம் வைத்துக் கட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் பணத்தைத் தவணை தவணையாகப் பயனாளியின் வங்கிக் கணக்கில் போட்டு, அவரையே கட்டிக்கொள்ள விட்டார்கள். எனக்குத் தெரிந்து இந்தத் திட்டத்தில் செய்த நல்ல முடிவு இதுதான். தன் வீட்டுக்குச் சிமெண்ட் சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்க்க அவரைவிட அக்கறையானவர் யார்?

மலையகத்துக்கு இன்னும் 10,000 வீடு என்று 2017 மே மாதம் பிரதமர் மோடி அங்கேயே போய் அறிவித்தார். அதில் முதல் 1,300 வீட்டுக்கு அடிக்கல் போட்டது 2024 பிப்ரவரியில். இடையில் ஏறக்குறைய ஏழு ஆண்டு. அதற்குள் இலங்கையில் விலைவாசி எங்கேயோ போய்விட்டது, ஒரு வீட்டுக்கான தொகையையும் வெகுவாக உயர்த்த வேண்டிவந்தது. மியான்மர் வழியாகக் கடல், ஆறு, சாலை என்று மிசோரத்தை இணைக்கும் கலாதான் திட்டமும் இதே கதைதான். 2008இல் 536 கோடி ரூபாய் என்று தொடங்கியது, 2015இல் 2,904 கோடியாகத் திருத்தினார்கள். மியான்மரின் சிட்வே துறைமுகத்துக்கு 2023இல் சரக்குக் கப்பல் வந்துவிட்டது. மிசோரம் எல்லைக்கு வர வேண்டிய சாலை இழுத்துக்கொண்டே போகிறது.

எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவானது என்று குழு கேட்பது அவசியம்தான். எனக்கு அது போதாது. கட்டிய வீட்டுக்குத் தண்ணீர் வருகிறதா, நிலம் அந்தக் குடும்பத்தின் பெயருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டதா, தோட்ட வேலையை விட்டாலும் அவர்கள் அங்கே இருக்க முடியுமா என்றும் கேட்க வேண்டும். நம் நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு 2005இல் போட்ட சட்டத்திலேயே, வேலை செய்தவர் முன்னாலேயே கிராம சபையில் கணக்கை வாசிக்கும் சமூகத் தணிக்கையைச் சேர்த்தார்கள். நாங்குநேரிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் பொருந்துவது மலையகத்தின் ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் ஏன் பொருந்தாது? இலங்கை அரசின் சம்மதத்தோடுதான் செய்ய முடியும், அதைக் கேட்டு வாங்குவது நடக்காத காரியமும் இல்லை.

தேர்தல் சமயத்தில் நம் வேட்பாளரிடம் ரயிலைப் பற்றிக் கேட்கிறோம், பாலத்தைப் பற்றிக் கேட்கிறோம். இதையும் கேளுங்கள். குழுவின் அறிக்கை பெரும்பாலும் மார்ச் மாதத்தில் அவைக்கு வரும், நாடாளுமன்ற இணையதளத்தில் யாரும் எடுத்துப் படிக்கலாம். பாளையங்கோட்டையில் இத்தனை கல்லூரிகள் இருக்கின்றன. அரசியல் அறிவியலும் பொருளாதாரமும் படிக்கிற பிள்ளைகள், அதில் இலங்கையைப் பற்றிய பக்கங்களை மட்டுமாவது ஆண்டுதோறும் தமிழில் எழுதி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் மாவட்டத்து மறுவாழ்வு முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களிடம் அதை முதலில் கொண்டுபோய்க் கொடுங்கள். எந்த வீடு எந்த நிலையில் இருக்கிறது என்று அங்கிருக்கும் உறவினர்களிடம் கேட்டுச் சொல்ல அவர்களால் முடியும். வணக்கம்.