ஏற்காட்டுல ரத்தசோகை, சேலத்துல நார்மல்! ஒரே ஹீமோகுளோபின், எப்படி? | நியூட்ரிஷன் ஜர்னலுக்கு பேப்பர் அனுப்புறவங்க கண்டிப்பா பாருங்க

(திரையில: ரெண்டு ரத்த சாம்பிள், ரெண்டுக்கும் கீழ 12.5)

வணக்கம் மக்களே! ஸ்க்ரீன்ல ரெண்டு சாம்பிள் தெரியுதா? ரெண்டு பேருமே பொண்ணுங்க, ரெண்டு பேருக்கும் வயசு முப்பதுன்னு வெச்சுக்கோங்க, கர்ப்பமா இல்ல, புகைப்பழக்கம் இல்ல, ரெண்டு பேருக்கும் ஹீமோகுளோபின் 12.5. ஒரு அக்கா சேலம் டவுன்ல அஸ்தம்பட்டில குடியிருக்காங்க, இன்னொரு அக்கா ஏற்காட்டுல. அஸ்தம்பட்டி அக்காவுக்கு ரத்தசோகை இல்ல. ஏற்காட்டு அக்காவுக்கு இருக்கு! அதே 12.5 தான், மெஷின்ல கோளாறும் இல்ல. விடை இன்னும் கொஞ்ச நேரத்துல சொல்றேன், அதுக்குள்ள உங்களுக்கு என்ன தோணுதுன்னு கமெண்ட்ல போட்டுருங்க, பாக்கலாம் எத்தன பேர் சரியா சொல்றீங்கன்னு.

இந்த வீடியோ யாருக்குன்னா, நம்ம சேலம் சுத்துவட்டாரத்துல ஹோம் சயின்ஸ், ஃபுட் அண்ட் நியூட்ரிஷன் படிக்கிற எம்எஸ்சி, எம்ஃபில் முடிச்சவங்க, பிஹெச்டி பண்றவங்க, எல்லாருக்கும். தீசிஸ் முடிச்சு பைண்டிங் பண்ணி லைப்ரரில வெச்சாச்சு, அப்புறம் அத யாருமே படிக்கிறதில்ல. அந்த உழைப்பு ஒரு நல்ல ஜர்னல்ல வரணும்ங்கிறது என் ஆசை.

பியர் ரிவ்யூன்னா நீங்க அனுப்புற பேப்பர அதே துறையில இருக்குற ரெண்டு மூணு பேர் படிச்சு கேள்வி கேப்பாங்க, அவங்க சொல்றத வெச்சு எடிட்டர் முடிவு எடுப்பார். பேப்பரோட அமைப்பு இன்ட்ரொடக்‌ஷன், மெத்தட்ஸ், ரிசல்ட்ஸ், டிஸ்கஷன். இது உங்க எல்லாருக்கும் தெரியும், தாண்டிப் போயிடலாம்.

ஒண்ணு மட்டும் நல்லா கேட்டுக்கோங்க. உங்க பேப்பர படிக்கப்போற ரிவ்யூவர் ஏற்காட்ட பாத்ததே இல்ல. இருபது கொண்டை ஊசி வளைவு தெரியாது, சாமை சோறு தெரியாது, மலையில இருக்குறவங்க காலையில என்ன சாப்புடுவாங்கன்னு தெரியாது. நீங்க எழுதுனது மட்டும்தான் அவருக்கு தெரியும். அதனால பேப்பர் நிக்கிறதும் விழுறதும், ஆய்வ எப்படி பண்ணீங்கன்னு சொல்ற மெத்தட்ஸ் பகுதிலதான். நிறைய பேர் இங்கிலீஷ் சரியில்லன்னுதான் ரிஜெக்ட் ஆகுதுன்னு நெனச்சு காசு குடுத்து மொழிய சரி பண்றாங்க. மொழிய சரி பண்ணிடலாம் மக்களே, எடுக்காம விட்ட அளவ அப்புறம் எங்க போய் எடுக்குறது?

(திரையில: அடிவாரத்துலருந்து ஏற்காடு வரைக்கும் ஏறுற ரோடு, பக்கத்துல உயரம் காட்டுற கோடு)

இப்ப விடைக்கு வருவோம். சேலம் டவுன் கடல் மட்டத்துலருந்து 300 மீட்டருக்கும் கீழதான். ஏற்காடு 1500 மீட்டர ஒட்டி இருக்கு. மேல போகப் போக காத்தழுத்தம் குறையும், ஒவ்வொரு மூச்சுலயும் உள்ள போற ஆக்சிஜன் குறையும். இத கிட்னி கண்டுபிடிச்சு எரித்ரோபாய்ட்டின்னு ஒரு ஹார்மோன சுரக்கும், அது எலும்பு மஜ்ஜைக்கு போய் இன்னும் சிவப்பணு செய்யின்னு சொல்லும். அதனால மலையிலயே குடியிருக்கவங்களுக்கு ஹீமோகுளோபின் இயல்பாவே கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும், அவங்க உடம்புக்கு அவ்வளவு தேவை. அப்ப கீழ இருக்கவங்களுக்கு போட்ட அளவுகோல அப்படியே மேல தூக்கிட்டுப் போய் வெச்சா என்ன ஆகும்? ரத்தம் கம்மியா இருக்குற பொண்ணு நார்மல்னு கணக்குல வந்துருவா.

உலக சுகாதார நிறுவனம் 2024ல ஹீமோகுளோபின் அளவு பத்தி புது வழிகாட்டுதல் விட்டாங்க. கர்ப்பமா இல்லாத பொண்ணுங்களுக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்துல 12 கிராமுக்கு கீழ போனா ரத்தசோகை, அது மாறல. மாறுனது உயரத்துக்கான கழிவு. 500லருந்து 999 மீட்டர் வரைக்கும் 0.4 கழிக்கணும், 1000லருந்து 1499 வரைக்கும் 0.8, 1500லருந்து 1999 வரைக்கும் 1.1. இப்ப நம்ம ஏற்காட்டு அக்காவோட வீடு 1500க்கு மேலன்னா 12.5ல 1.1 போக 11.4. ரத்தசோகை! அஸ்தம்பட்டிக்கு கழிவே கிடையாது, 12.5 அப்படியே நிக்கும்.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு, எனக்கு இத சொல்றதுலதான் சந்தோஷமே. 2011ல வந்த பழைய கணக்குல 1000 மீட்டருக்கு கீழ கழிவே இல்ல, 1500 மீட்டருக்கு 0.5 தான். அந்தக் கணக்குப்படி அதே அக்காவுக்கு 12.5ல 0.5 போக சரியா 12.0, அதாவது ரத்தசோகை இல்ல. அதே பொண்ணு, அதே ரத்தம், நீங்க எந்த வருஷத்து டேபிள எடுத்தீங்கங்கிறத வெச்சு அவங்களுக்கு நோய் இருக்கா இல்லயான்னு மாறுது. அப்ப பேப்பர்ல வெறுமனே உலக சுகாதார நிறுவன அளவுப்படின்னு எழுதுனா பத்துமா? எந்த வருஷம்னு எழுதணும், ரெண்டு கணக்குலயும் போட்டு காட்டுனீங்கன்னா இன்னும் பிரமாதம்.

இன்னும் முடியல. 1500ங்கிற அந்தக் கோடு நம்ம ஏற்காட்டு வழியாவே போகுது பாருங்க! மலையில எல்லா ஊரும் ஒரே உயரத்துல இல்ல. ஒரு பொண்ணுக்கு 12.9னு வெச்சுக்கோங்க. வீடு 1480 மீட்டர்ல இருந்தா 0.8 போக 12.1, நார்மல். 1520ல இருந்தா 1.1 போக 11.8, ரத்தசோகை. நாப்பது மீட்டர்ல ரிசல்ட்டே மாறிப்போச்சு. அதனால ஃபீல்டுக்கு போகும்போது ஏற்காடு தாலுகான்னு ஒரே உயரத்த போட்டு விட்டுறாதீங்க, ஒவ்வொரு ஊருலயும் ஜிபிஎஸ்ல உயரத்த குறிச்சுக்கோங்க, போன்லயே ஆப் இருக்கு, ஒரு ஊருக்கு ஒரு நிமிஷ வேலை. எந்தக் கருவில எடுத்தீங்கன்னும் எழுதுங்க. அப்புறம் அவங்க எங்க குடியிருக்காங்கன்னு கேளுங்க, ஏன்னா மலையில பொறந்து கீழ ஹாஸ்டல்ல தங்கி படிக்கிற பொண்ணு ஒரு கணக்கு, தெனமும் பஸ்ல எறங்கி ஏறுற பொண்ணு வேற கணக்கு.

விரல் நுனில குத்தி எடுத்த ரத்தமா, கை நரம்புலருந்து எடுத்ததா, இதையும் எழுதியே ஆகணும். 2024 வழிகாட்டுதல் நரம்புலருந்து எடுத்து ஆட்டோமேட்டிக் அனலைசர்ல பாக்குறததான் சிபாரிசு பண்ணுது. விரல் குத்தி எடுத்தது தப்புன்னு சொல்லல, வசதி இல்லாத எடத்துல வேற வழியில்ல, ஆனா அத மறைக்கக் கூடாது. சில ஜர்னல் டெசிலிட்டருக்கு எத்தன கிராம்னு கேக்கும், சில ஜர்னல் லிட்டருக்கு கேக்கும், 12.5ங்கிறது 125 ஆயிடும், டேபிள் முழுக்க ஒரே மாதிரி இருக்கணும்.

எனக்கு இதுல ஏன் இவ்வளவு அக்கறைன்னா, நாளைக்கு யாராச்சும் உங்க பேப்பர எடுத்து மலைக்கு எத்தன இரும்புச்சத்து மாத்திரை அனுப்பணும்னு கணக்கு போடலாம். நீங்க கழிக்காம விட்ட 1.1ல எத்தனையோ பொண்ணுங்க அந்த லிஸ்ட்லருந்து வெளிய போயிடுவாங்க.

சரி, சாப்பாட்டு பக்கம் வருவோம். வீட்டு சமையல் குறிப்புல உப்பு தேவையான அளவுன்னு எழுதுவோம்ல, மெத்தட்ஸ்ல அந்த மாதிரி ஒரு வரி கூட இருக்கக் கூடாது. சாமை சோறு ஒரு கப்னா எந்த கப், வேகாத அரிசில 100 கிராமா வெந்த சோறுல 100 கிராமா? ரெண்டுக்கும் சத்து கணக்கு எங்கயோ போயிடும், தண்ணி குடிச்சு எடை ஏறிடுதுல்ல. சாமைன்னு மட்டும் போடாம செடியோட தாவரப் பேரையும் போடுங்க. நம்ம ஊரு ஜவ்வரிசிய பத்தி எழுதுறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா நம்மது மரவள்ளிக்கிழங்கு மாவு, தென்கிழக்கு ஆசியாவுல அது ஒரு பனை வகை மரத்தோட தண்டுலருந்து வருது, மலேசியாக்காரர் ரிவ்யூவரா வந்தா அவர் மனசுல மரம்தான் ஓடும். சத்து கணக்குக்கு எந்த டேபிள்னும் சொல்லணும், ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல விட்ட இந்திய உணவு அட்டவணைல 528 உணவு இருக்கு, அதுல இல்லாதத எங்கருந்து எடுத்தீங்கன்னு தனியா எழுதுங்க. சர்வே மாதிரி ஆய்வுன்னா ஸ்ட்ரோப்னு ஒரு செக்லிஸ்ட் இருக்கு, ஊட்டச்சத்து ஆய்வுக்குன்னே ஸ்ட்ரோப்-நட்னு 2016ல வந்துச்சு. அத டவுன்லோடு பண்ணி ஒவ்வொண்ணுக்கும் எந்த பக்கத்துல பதில் இருக்குன்னு எழுதி கூடவே அனுப்புங்க, எடிட்டருக்கு உங்க மேல மரியாதை வரும்.

எதிக்ஸ் கமிட்டி அனுமதி டேட்டா எடுக்குறதுக்கு முன்னாடி வாங்கணும், பின்னாடி வாங்க முடியாது, நம்பரும் தேதியும் பேப்பர்ல வரணும். ஆளுங்களுக்கு ஏதாச்சும் குடுத்து பாக்குற ட்ரையல்னா, இந்தியாவுல ட்ரையல்கள பதிவு பண்ற சிடிஆர்ஐ தளத்துல முதல் ஆள சேக்கறதுக்கு முன்னாடியே பதிவு பண்ணணும், 2018 ஏப்ரல்லருந்து பின்தேதி பதிவு கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகிட்ட கைநாட்டு வாங்குனீங்கன்னா சம்பந்தமில்லாத ஒரு சாட்சியும் கையெழுத்து போடணும்.

(திரையில: ஒரு சாக்லேட் பார்)

இப்ப ஜர்னல் தேர்வு. 2015ல ஜான் பொஹானன்னு ஒரு பத்திரிகையாளர் ஜெர்மனில ஒரு வேலை பண்ணார். பதினஞ்சு பேர மூணு குழுவா பிரிச்சு, ஒரு குழுவுக்கு டயட்டோட தெனமும் டார்க் சாக்லேட் குடுத்தார். எடை, கொலஸ்ட்ரால், தூக்கம்னு 18 விஷயத்த அளந்தார். சாக்லேட் சாப்பிட்டவங்களுக்கு எடை வேகமா குறைஞ்சதுன்னு பேப்பர் எழுதி, காசு வாங்குற ஒரு ஜர்னலுக்கு 600 யூரோ கட்டுனார், வந்துருச்சு. பல நாட்டு பத்திரிகைகள்ல செய்தி ஆச்சு. அப்புறம் அவரே சொன்னார், வேணும்னேதான் பண்ணேன்னு. டேட்டா உண்மைதான், ஆனா ஆளு கம்மி, அளவு அதிகம். 18 விஷயம் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம இருந்தா, ஒண்ணுமே இல்லாத எடத்துலயும் ஏதாச்சும் ஒண்ணுக்கு பி-வேல்யூ 0.05க்கு கீழ வந்து நெஜமான வித்தியாசம் மாதிரி தெரியுறதுக்கு 60 சதவீதம் வாய்ப்பு இருக்கு. கால்குலேட்டர்ல 0.95அ பதினெட்டு தடவ பெருக்கி 1லருந்து கழிச்சு பாருங்க. அதனால எது முக்கியமான அளவுன்னு முதல்லயே முடிவு பண்ணி எழுதி வெச்சுடுங்க.

மெயில்ல மரியாதைக்குரிய பேராசிரியரேன்னு கூப்பிட்டு, மூணு நாள்ல பப்ளிஷ் பண்றோம், ஜிபேல அனுப்புங்கன்னு வந்தா தொடாதீங்க. நல்ல ஜர்னல் எதுன்னு காட்டுன யுஜிசி கேர் லிஸ்ட்ட 2025ல நிறுத்திட்டாங்க, இனிமே நாமதான் பாத்து தேர்ந்தெடுக்கணும். அந்த ஜர்னல்ல போன வருஷம் வந்த பேப்பர் நாலஞ்சு படிங்க, எடிட்டோரியல் போர்டுல இருக்கவங்க நெஜமாவே அந்தத் துறையில வேலை பண்றவங்களான்னு தேடுங்க. வெளிநாட்டு ஜர்னலுக்குத்தான் மதிப்புன்னு நான் நினைக்கல. கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் நிறுவனத்துலருந்து 1964லருந்து ஒரு ஊட்டச்சத்து ஜர்னல் வந்துட்டிருக்கு, நம்ம ஊரு சாப்பாட்ட புரிஞ்ச ரிவ்யூவர் கெடைக்கிறது ஒரு வரம்ங்க. ஒரு நேரத்துல ஒரு ஜர்னலுக்குத்தான் அனுப்பணும், நாலு எடத்துல போட்டு எது முதல்ல வருதோன்னு பாக்குறது பெரிய தப்பு.

ஆத்தர் லிஸ்ட் பத்தி தைரியமா ஒண்ணு சொல்றேன். வேலை பண்ணியிருக்கணும், எழுதவோ திருத்தவோ செஞ்சிருக்கணும், கடைசி வடிவத்துக்கு ஒப்புதல் குடுத்திருக்கணும், கேள்வி வந்தா பொறுப்பேத்துக்கணும், இந்த நாலும் இருந்தாத்தான் ஆத்தர். மரியாதைக்காக பேர் சேக்குறத விட்டுடுங்க. கூடவே வந்து வீடு வீடா காட்டுன அங்கன்வாடி டீச்சருக்கு, ரத்தம் எடுத்த லேப் அண்ணனுக்கு நன்றிப் பகுதில பேர கேட்டு போடுங்க. ஏஐ டூல் பயன்படுத்தியிருந்தா சொல்லிடுங்க, அத ஆத்தரா போட முடியாது. நம்ம இனிஷியல் ஒவ்வொரு பேப்பர்லயும் ஒவ்வொரு பக்கம் போயிடும், ஆய்வாளர் ஒவ்வொருத்தருக்கும் தனி நம்பர் குடுக்குற ஆர்சிட் ஐடி எடுத்து, பேர ஒரே மாதிரி வெச்சுக்கோங்க. கவர் லெட்டர் அரைப் பக்கம் போதும், என்ன கண்டுபிடிச்சோம், இந்த ஜர்னல் வாசகருக்கு ஏன் வேணும், அவ்வளவுதான்.

அனுப்புன கொஞ்ச நாள்லயே ரிஜெக்ட்னு வந்தா பெரும்பாலும் அந்த ஜர்னலோட எல்லைக்குள்ள உங்க தலைப்பு வரலன்னு அர்த்தம், அடுத்த ஜர்னலோட ஃபார்மேட்டுக்கு மாத்தி அனுப்புங்க. மாசக்கணக்குல ஆகி மேஜர் ரிவிஷன்னு வந்தா அழாதீங்க, ஸ்வீட் வாங்குங்க, வேணாம்னா அவங்க ரிஜெக்ட் பண்ணியிருப்பாங்க. ரிவ்யூவரோட ஒவ்வொரு கேள்வியையும் அப்படியே காப்பி பண்ணி, கீழ உங்க பதில், எந்த வரில மாத்துனீங்கன்னு லைன் நம்பரோட எழுதுங்க. ஒத்துக்க முடியலன்னா காரணத்தோட மறுத்து சொல்லலாம், அதுக்கு முழு உரிமை இருக்கு. உயரத்துக்கு ஏன் கழிச்சீங்க, நம்பர் ஏன் இவ்வளவு மாறுதுன்னு ஒரு ரிவ்யூவர் கேட்டா, 2024 டேபிளையும் ஊர்வாரியா எடுத்த உயரத்தையும் துணை ஃபைலா இணைச்சு அனுப்புங்க.

ஓகே ஆனதும், வெளியிடுறதுக்கு முன்னாடி நீங்க சரிபாக்க ப்ரூஃப் வரும், ரெண்டு மூணு நாள்தான் டைம் குடுப்பாங்க. டேபிள்ல ஒவ்வொரு நம்பரையும் ஒரு ஆள் வாசிக்க இன்னொரு ஆள் ஒரிஜினல் ஷீட்ல பாக்கணும், 11.4க்கு பதிலா 14.1னு அச்சாயிடுச்சுன்னா அப்புறம் திருத்தம் தனியா வெளியிடணும். உங்க ஆய்வு எந்த ஊர்ல, என்ன தலைப்புன்னு கமெண்ட்ல போடுங்க மக்களே, மெத்தட்ஸ்ல சந்தேகம் இருந்தா அந்த பாராவ அப்படியே டைப் பண்ணுங்க, அடுத்த வீடியோல ஒவ்வொண்ணா எடுத்து பாக்குறேன்.